கல்லைப் படித்த மனிதர்!

குட்டீஸ்! புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம், நார்த்தாமலை, குடுமியான்மலைக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? அந்தப் பாறைகளையும், ஊரெங்கும் தோண்டத் தோண்ட வரும் செம்புராங்கல்லையும் சுமார் 145 ஆண்டுகளுக்கு முன்பே சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார் ஒருவர். அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட்!

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ல் பிறந்தவர். 24 வயதில் இந்தியாவுக்கு வந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எந்த ஊரில் என்ன பாறை, எங்கே என்ன கனிமம் என்று பார்த்து வரைபடத்தில் குறிப்பதுதான் அவர் வேலை. ஜீப் கிடையாது, செல்போன் கிடையாது. கூடாரம் போட்டுத் தங்கி, குதிரையிலும் நடந்தும்தான் ஊர் ஊராகப் போக வேண்டும்.

1863 மே 30. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியை அவர் பார்வையிட்டார். அங்கே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் கல்! ஃபுட் உற்றுப் பார்த்தார். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுக்கப்பட்டு, ஓரம் கூராக இருந்தது. தானாக உடைந்த கல் அப்படி இருக்காதே! ஐரோப்பாவில் அப்போதுதான் ஆதிமனிதனின் கல் கருவிகளைப் பற்றி அறிஞர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதை அவர் படித்திருந்ததால் சட்டென்று புரிந்துகொண்டார். அது ஆதிமனிதன் செய்த கைக்கோடரி!

அதே ஆண்டில் நண்பர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. யோசித்துப் பாருங்கள்! அந்தப் பல்லாவரத்துக் கல் சாலைக்கு ஜல்லியாகப் போயிருந்தால்?

அதன் பிறகு அவர் ஓயவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம், மதுரையின் வடபகுதி, தஞ்சாவூர், திருச்சியின் தென்பகுதி ஆகியவற்றின் நில அமைப்பை ஆராய்ந்து 1879-ல் கட்டுரை வெளியிட்டார். பிறகு தெற்கே, திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்துக்குப் போனார். அங்கே இருப்பது தேரி! கண்ணுக்கு எட்டிய வரை செக்கச்செவேல் என்று மணல் மேடுகள். நம் தமிழ்நாட்டின் குட்டிப் பாலைவனம். மேற்கே மலைப் பக்கமிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து குவித்ததால் உண்டானது என்று விளக்கினார். சாயர்புரம் தேரியில் சின்னஞ்சிறு கல் கருவிகளும் அவருக்குக் கிடைத்தன.

அடுத்து கர்னூல் அருகே உள்ள பில்லசுர்கம் குகைகள். அங்கே மகன் ஹென்றியும் சேர்ந்து தோண்ட, பழங்கால விலங்குகளின் எலும்புகள் வெளிவந்தன.

இவர் மனைவி எலிசபெத் யார் தெரியுமா? தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவலின் மகள்! 1891-ல் ஓய்வு பெற்ற ஃபுட், ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார். 1912 டிசம்பர் 29-ல் காலமானார்.

நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டிய கருவிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று கவனமாக எழுதி வைத்தார். அதனால்தான் அவை இன்றும் பயன்படுகின்றன. இடம் தெரியாத கல், பெயர் எழுதாத பரீட்சைத் தாள் மாதிரி!

நீங்களும் குளத்தங்கரையிலோ காட்டிலோ வித்தியாசமான கல்லைப் பார்த்தால், தூக்கி எறியாதீர்கள், பைக்குள்ளும் போடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஊர், இடம், தேதியை நோட்டில் எழுதி ஆசிரியரிடம் சொல்லுங்கள். புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குத் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகமே இருக்கிறது. அங்கே கேட்கலாமே!