விபுலாநந்த அடிகளார்: பல கலைகளை ஒருங்கு கற்பித்த பேராசான்

ஈழத்திருநாட்டின் கீழ்க்கரையிலே, காரைதீவு என்னும் ஊரிலே, 1892ஆம் ஆண்டு பிறந்தவர் விபுலாநந்த அடிகளார். மயில்வாகனன் என்பது அவர்தம் பிள்ளைத்திருநாமம்.

அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளிலே தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது. பண்டித மரபிலோ மேனாட்டு விஞ்ஞானத்துக்கு இடமில்லை. ஒன்றைப் பெற விரும்பிய மாணாக்கன் மற்றொன்றை இழக்க நேர்ந்தது. அடிகளார் இரண்டையும் இழந்திலர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவ பாடசாலைகளிலே பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராய் விளங்கினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். துறவு பூண்ட பின்னரும் ஆசிரியத் தொண்டினைத் துறந்திலர்.

பிறர் கலையைத் தம்மவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? இதற்கு அடிகளார் கண்ட வழியை 'மதங்க சூளாமணி' காட்டும். செகசிற்பியாரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாட்டிலக்கணத்தின் துணைகொண்டு விளக்கி, வடமொழித் தசரூபகத்தின் கருத்துக்களையும் அந்நூலிலே சேர்த்தார். தான் அறிந்த இலக்கணத்தின் வழியே சென்ற தமிழ் மாணாக்கனுக்கு ஆங்கில நாடகம் அயற்பொருளாகத் தோன்றவில்லை. தன் இலக்கணத்தின் ஆழமும் அவனுக்குப் புலனாயிற்று.

'யாழ் நூல்' இதன் மறுபுறம். வழக்கொழிந்த பழந்தமிழ் யாழினை ஆராய்வதற்குப் பௌதிகமும் கணிதமும் அவர்க்குக் கருவிகளாயின. அயலார் கலையைத் தமிழால் விளக்கியவர், தமிழர் கலையை விஞ்ஞானத்தால் விளக்கினார்.

1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் நூல் 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

பல மொழியும் பல சமயமும் வழங்கும் இந்நாட்டின் வகுப்பறைகளிலே ஆசிரியர் செய்தற்குரியது யாது? பிறர் பண்பாட்டை ஒரு நாள் விழாவிலே காட்டி அமைதல் போதாது. நாள்தோறும் நடத்தும் பாடத்தினுள்ளே, மாணாக்கன் அறிந்ததைக்கொண்டு அறியாததை விளக்குதல் வேண்டும். அதற்கு ஆசிரியர் தாமே இரு கரையிலும் கால்பதித்துக் கற்றவராதல் வேண்டும். அடிகளார் தம் வாழ்வால் நடத்திய பாடம் இதுவே. இக்கல்லூரியிற் கற்போரும் கற்பிப்போரும் பழைய மாணவரும் அப்பாடத்தை மறவாதிருப்போமாக.