மேகங்களைப் படம் பிடித்த மேதை

மழைக்காலத்து மாலை வேளையில், அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் மொட்டை மாடி ஏறி நிற்பவர்களுக்குக் காசில்லாமல் ஒரு காட்சி கிடைக்கிறது. கிழக்கே கடல் பக்கமிருந்து மேகங்கள் குவியல் குவியலாகத் திரண்டு வரும். ஒரு நிமிஷம் யானை போல் இருந்தது மறு நிமிஷம் கலைந்து பஞ்சாகிவிடும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வர்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, தம்மைப் போலவே வானம் பார்ப்பதில் பிரியமுள்ள நண்பர்களுக்கு அனுப்பிவைப்பது இன்றைய இளைஞர்களுக்கு வெகு சுலபம்.

இந்தப் பிரியத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்னோடி இருந்தார். மேகத்தை மட்டுமே நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, கலைப் பிரியர்களின் முன்னே வைத்தவர் அவர். அமெரிக்கரான ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

இயந்திரம் படிக்கப் போனவர்

ஸ்டீக்லிட்ஸ் 1864-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நியூ ஜெர்ஸி மாகாணத்து ஹோபோக்கன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். வியாபாரத்தில் நன்றாகப் பொருளீட்டிய தந்தை, பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து 1881-ல் குடும்பத்தை ஜெர்மனிக்கு அழைத்துச் சென்றார். மூத்த மகனான ஆல்பிரட், பெர்லினில் இயந்திரப் பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே ஹெர்மான் வோகல் என்ற ரசாயனப் பேராசிரியரின் வகுப்பு அவர் வாழ்வையே திசை திருப்பியது. இயந்திரப் படிப்பு பின்னுக்குப் போயிற்று. காமிரா முன்னுக்கு வந்தது.

அந்நாளைய போட்டோத் தகடுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. நீல ஒளியை அவை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். மஞ்சளும் சிவப்பும் சரியாகப் பதியா. ஆகவே நீல வானமும் வெண் மேகமும் ஒன்றுபோல வெளுத்து, படத்தில் வானம் வெறும் வெள்ளைக் காகிதமாகத் தெரியும். போட்டோக்காரர்கள் சிலர் மேகத்தைத் தனித் தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு நாளில் எடுத்த கடலுக்கும் மலைக்கும் மேலே அதை இணைத்து அச்சிட்டுச் சமாளித்தார்கள். தகட்டில் தகுந்த சாயத்தைச் சேர்த்தால் இந்தக் குறை குறையும் என்று 1873-ல் கண்டறிந்தவர் வோகல். பிற்காலத்தில் மேகத்தையே முழுப் படமாக்கிய மனிதர், அந்த வோகலிடம் பாடம் கேட்டவர் என்பது பொருத்தமான விஷயம்தான்.

1887-ல் லண்டனிலிருந்து வெளிவந்த 'அமெச்சூர் போட்டோகிராபர்' பத்திரிகை நடத்திய போட்டியில் ஸ்டீக்லிட்ஸுக்கு முதல் பரிசு கிடைத்தது. 1890-ல் நியூயார்க் திரும்பினார்.

கலையா, கைத்தொழிலா?

ஓவியர் தம் கையால் வரைகிறார்; போட்டோக்காரருக்கோ இயந்திரமே வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது; இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் அந்நாளில் ஏராளம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே ஸ்டீக்லிட்ஸ் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றார். 1903-ல் 'காமிரா ஒர்க்' என்ற உயர்தரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1905-ல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் 291-ம் இலக்கக் கட்டிடத்தில் ஒரு சிறு காட்சிக்கூடம் திறந்தார். ஐரோப்பியப் புது ஓவியர்கள் பலரை அமெரிக்க மக்களுக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தக் கூடமே.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. ஆரம்பத்தில் ஆயிரத்தை நெருங்கிய 'காமிரா ஒர்க்' சந்தாதாரர்கள் கடைசியில் நாற்பது பேருக்கும் குறைந்துபோனார்கள். 1917-ல் பத்திரிகையும் நின்றது, காட்சிக்கூடமும் மூடப்பட்டது. இல்லற வாழ்வும் அந்நாளில் முறிந்தது. ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் அவருடைய துணையானார். 1924-ல் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

ஏரிக்கரையில் ஒரு கோடை

1922-ம் ஆண்டில் அவருக்கு வயது 58. நியூயார்க் மாகாணத்தில் லேக் ஜார்ஜ் என்னும் ஏரிக்கரையில் குடும்ப வீடு இருந்தது. கோடையில் அங்கே தங்குவது வழக்கம். அவ்வாண்டு அவருடைய அன்னை நோயுற்றுத் தளர்ந்திருந்தார். வீட்டைச் சுற்றி நின்ற முதிய மரங்களும் பட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஓர் எழுத்தாளரின் விமரிசனம் வந்து சேர்ந்தது. ஸ்டீக்லிட்ஸ் எடுத்த உருவப் படங்களின் சக்திக்கு, எதிரே உட்கார்ந்தவர்களை அவர் ஒருவித வசியத்தால் ஆட்டிவைப்பதே காரணம் என்பது அதன் சாரம். நாற்பது ஆண்டு உழைப்பை வசியம் என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்?

மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாது. நில் என்றால் நிற்காது. சிரி என்றால் சிரிக்காது. ஆகவே மேகத்தையே எடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார். மேகம் எல்லோருக்கும் பொது, அதற்கு யாரும் இன்னும் வரி போடவில்லை என்பது அவர் கட்சி. இப்படிப் பிறந்ததுதான் 'சங்கீதம்' என்ற தலைப்பில் பத்து மேகப் படங்கள் கொண்ட வரிசை. அந்த வருஷக் கடைசியில் அன்னை காலமானார்.

1923-ல் நியூயார்க் ஆண்டர்சன் காலரியில் மேகப் படங்கள் அரங்கேறின. இசைப் புலவரான எர்னஸ்ட் பிளாக் அவற்றைப் பார்த்து, இது சங்கீதமேதான் என்று வியந்தாராம். தாம் மேகம் எடுக்க வந்த கதையை ஸ்டீக்லிட்ஸ் அவ்வாண்டு ஒரு கட்டுரையாக எழுதினார். அது வெளிவந்ததும் அமெச்சூர்கள் படிக்கும் லண்டன் பத்திரிகையில்தான். இளமையில் பரிசு கொடுத்த இடத்துக்கே முதுமையில் தம் அனுபவத்தைப் பரிசாகத் திருப்பினார் எனலாம்.

அதே ஆண்டில் இன்னொரு துயரம் தாக்கியது. பிரசவத்துக்குப் பின் அவருடைய ஒரே மகளின் மனம் பேதலித்தது. அவர் மீளவே இல்லை. தந்தை மேலும் மேலும் வானத்தையே பார்த்தார். கையில் பிடிக்கும் சிறு காமிராவால் எடுத்து, ஏறக்குறைய நாலு அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமுமாக அச்சிட்ட அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் தரையில்லை, அடிவானம் இல்லை. எது மேல், எது கீழ் என்றுகூடத் தெரியாது. 1925 முதல் அவற்றுக்குச் 'சமானங்கள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். தம் நெஞ்சில் பட்டதற்குச் சமானம் அந்த மேகம் என்பது கருத்து. இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் அந்தப் பெயரில் சேர்ந்தன.

தமிழர் திறந்த கதவு

பாஸ்டன் நகரின் நுண்கலை மியூசியத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்கு 1917 முதல் பொறுப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர். ஈழத்துத் தமிழ்ப் பிரமுகர் ஸர் முத்து குமாரசுவாமியின் புதல்வர். சோழர் காலத்து நடராஜர் வடிவின் பெருமையை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்ன அந்த அறிஞர், தாமும் காமிராவைக் கையாளத் தெரிந்தவர். ஓவியமும் சிற்பமும் உள்ள இடத்தில் புகைப்படத்துக்கும் இடம் உண்டு என்று கருதி, ஸ்டீக்லிட்ஸின் படங்களை மியூசியத்துக்குக் கேட்டார். மேகப் படங்கள் அரங்கேறிய மறு ஆண்டு, 1924-ல், ஸ்டீக்லிட்ஸ் தம்முடைய 27 படங்களை அந்த மியூசியத்துக்கு இனாமாகவே வழங்கினார். புகைப்படத்தைக் கலைப் பொருளாக ஏற்றுக்கொண்ட பெரிய அமெரிக்க மியூசியங்களின் முன்வரிசையில் பாஸ்டனுக்கு இடம் கிடைத்தது. இருபது ஆண்டு வாதாடியும் திறக்காத கதவு, ஒரு தமிழரின் சொல்லால் திறந்தது.

இருதய நோயால் தளர்ந்த ஸ்டீக்லிட்ஸ் 1937-ல் காமிராவைக் கீழே வைத்தார். 1946 ஜூலை 13-ந் தேதி, தமது 82-வது வயதில், நியூயார்க்கில் காலமானார். அஸ்தியை ஓகீஃப் அம்மையார் அவருக்குப் பிரியமான லேக் ஜார்ஜில் புதைத்தார். மறு ஆண்டே ஆனந்த குமாரசுவாமியும் மறைந்தார். 1949-ல் ஸ்டீக்லிட்ஸின் படங்களில் தேர்ந்த பெருந்தொகுதி ஒன்றை ஓகீஃப், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அளித்தார்.

அந்த ஏரிக்கரை மேகங்கள் எடுத்த மறு நிமிஷமே கலைந்துவிட்டன. படங்களோ இன்னும் கலையவில்லை. மேனாம்பேட்டு மாடியில் நிற்கும் பிள்ளைக்கும் அதே வானம்தான் கூரை. அதற்கு இன்றும் வரி கிடையாது.