றுவன்வெல்லையும் என். எம். பெரேராவும்

அரசியற் கட்சியொன்று ஏற்புப் பெறுவது எவ்வாறு என்று கேகாலைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் மாணாக்கர் என்னை வினவுவதுண்டு. யாப்பையும் கணக்கையும் பல்லாண்டுச் செயற்பாட்டையும் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் காட்டிச் சின்னம் பெறுதல் இக்கால முறை. அம்முறை தோன்றுமுன் ஒரு கட்சி ஏற்புப் பெற்ற வரலாறு அவர்தம் ஊரிலேயே உண்டு. அது கலாநிதி என். எம். பெரேராவின் வரலாறு.

1905 ஜூன் 6இற் பிறந்து, இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கற்று மீண்ட இவர், 1934, 35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது கேகாலைக் கிராமங்களிற் குடிசைதோறும் புகுந்தார். மருந்தோடு பருப்பும் பகிர்ந்தளித்தார். சிங்கள மக்கள் அவரைப் பருப்பு மஹத்தயா என்றே அழைக்கலாயினர். பட்டங்கள் பல பெற்றவருக்கு இப்பெயரினும் உயர்ந்த பட்டம் வேறில்லை என்பது என் துணிபு.

1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. சில திங்களுள் வந்த அரசாங்க சபைத் தேர்தலில் றுவன்வெல்லை அவரைத் தெரிவு செய்தது. அந்நாளிற் சின்னம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. எழுத்தறியாதாரும் நிறமறிந்து வாக்களித்தனர்.

போர்க்காலத்தில் 1940இற் சிறை. 1942இற் கட்சிக்குத் தடை. அவ்வாண்டே சிறையினின்று தப்பி இந்தியா சென்றவர் 1943இற் பம்பாயிற் பிடிபட்டார். ஆயினும் 1947இல் றுவன்வெல்லை மீண்டும் அவரையே தெரிந்தது. கட்சிக்கும் பாராளுமன்றத்திற் பத்து இடங்கள் கிடைத்தன.

இனிச் சொல்லப்போவதே நம் மாணாக்கர் கருத்திற்கொள்ள வேண்டிய பகுதி. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை என். எம். எதிர்த்தார். சட்டம் நிறைவேறியது. மறுவருடத் திருத்தத்தாற் பிரசையல்லாதார் வாக்காளர் இடாப்பினின்று நீங்கினர். இதனை எதிர்த்தெழுந்த கோடகன் பிள்ளை வழக்கு எத்தொகுதி இடாப்பைப் பற்றியது? இதே றுவன்வெல்லை இடாப்பைப் பற்றியதே! சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரண் என்னும் வாதத்தை 1951இல் உயர் நீதிமன்றமும், 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் ஏற்கவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் சமசமாஜக் கட்சிக்குத் திறவுகோற் சின்னம் உண்டு. பால்வெட்டும் தொழிலாளர் பெரும்பாலோர்க்கோ வாக்குச்சீட்டு இல்லை. கட்சிக்குக் கதவு திறந்தது. அதன் சங்கத்திலே சந்தா செலுத்தியவர்க்கு அடைத்தது.

1964இல் என். எம். நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வரசே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பை எவரும் கேட்டிலர். 1948இல் எதிர்த்துப் பேசியவர் அப்போது பதவி துறந்திருத்தல் வேண்டும் என்றே நான் கருதுகின்றேன். கூட்டரசின் நெருக்கடியைக் காரணங்காட்டும் அன்பர் உளர். அக்காரணம் எனக்குப் போதவில்லை.

1960 முதல் அவர் நின்ற தொகுதி எட்டியாந்தோட்டை. அது 1977இல் அவரைக் கைவிட்டது. 1979 ஆகஸ்ட் 14இல் அவர் காலமானார். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன.