ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்: உயிரினங்களின் எல்லையைக் கண்டவர்

பகாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் கேமரன் மலை அமைந்துள்ளது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இப்பகுதியை அளக்க வந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. அவருக்கு மிக நீண்ட காலத்துக்கு முன்பிருந்தே செமாய் பூர்வகுடி மக்கள் இம்மலைக் காடுகளில் வாழ்ந்து வந்தனர். 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் இங்குத் தொடங்கப்பட்டது. காட்டைத் திருத்தி, செங்குத்தான சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை வளர்த்தவர்களுள் தமிழர்கள் முக்கியமானவர்கள்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் பயணம் செய்பவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்கலாம். அடிவாரத்தில் வெப்பக் காடு. உயரமான மரங்களும் தடித்த கொடிகளும் நிறைந்த காடு அது. மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகின்றன. 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் உச்சியில் கிளைகளெல்லாம் பாசி போர்த்திய குளிர்க்காடு. அங்கே பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடிகள் வளர்கின்றன. சில மணி நேரப் பயணத்திலேயே செடிகளும் பறவைகளும் பூச்சிகளும் மாறிவிடுகின்றன. ஓரிடத்தில் வாழும் உயிரினம் மற்றோரிடத்தில் ஏன் இல்லை? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரும் ஒரு நில அளவையாளர்தான். கேமரன் இம்மலைக்கு வருவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இத்தீபகற்பத்தில் கால் பதித்தார். அவர்தான் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அஸ்க் நகருக்கு அருகில் பிறந்தார். அவருடைய தந்தையார் போட்ட முதலீடுகள் நட்டத்தில் முடிந்தன. குடும்பம் வறுமைக்குள் விழுந்தது. அதனால் ஏறத்தாழ 14 வயதிலேயே வாலஸ் பள்ளியை விட்டு நின்றார். பல்கலைக்கழக வாசலை அவர் மிதிக்கவே இல்லை. லண்டனில் தச்சுத் தொழில் பழகிய அண்ணனுடன் சில மாதங்கள் தங்கினார். அப்போது தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட மாலை நேரச் சொற்பொழிவுகளைக் கேட்டார். பின்னர் மூத்த அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து நில அளவை வேலையைக் கற்றுக்கொண்டார்.

அந்த வேலையே அவருக்குப் பள்ளியாயிற்று. சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தபோது வரைபடம் வரையும் திறமை வந்தது. பாறைகளின் அடுக்குகளைப் பார்த்தபோது நிலவியலில் ஆர்வம் பிறந்தது. வயலோரச் செடிகளின் பெயர்களை அறிய விரும்பி, மலிவு விலைத் தாவரநூல் ஒன்றை வாங்கிப் படித்தார். 1844ஆம் ஆண்டு லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அங்கிருந்த நூலகத்தில் தாமஸ் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை பற்றிய நூல் அவருக்குக் கிடைத்தது. அது பொருளியல் சார்ந்த நூல். உயிரியலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதே நகரில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இளைஞர் அவருக்கு நண்பரானார். வண்டுகளைச் சேகரிக்கும் பழக்கத்தைப் பேட்ஸ்தான் அவருக்கு ஏற்படுத்தினார். ஒரே ஊரைச் சுற்றி இத்தனை வகை வண்டுகளா என்று வாலஸ் வியந்தார்.

உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்ற புதிரை விடுவிக்க 1848ஆம் ஆண்டு நண்பர்கள் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டனர். அவர்களிடம் செல்வம் இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பினர். முகவர் ஒருவர் அவற்றை விற்றுத் தந்த பணத்திலேயே பயணம் நடந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1852இல் வாலஸ் நாடு திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. அவர் அரிதின் முயன்று சேர்த்த மாதிரிகளும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. படகில் 10 நாள்கள் தத்தளித்த பிறகே மற்றொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. அமேசான் காட்டுக்கு அவரைப் பின்தொடர்ந்து வந்த தம்பி ஹெர்பர்ட்டோ அதற்கு முந்திய ஆண்டே மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியாகியிருந்தார். இத்தனை இழப்புக்குப் பிறகு வேறொருவர் வீட்டோடு இருந்திருப்பார். வாலஸ் அடுத்த பயணத்துக்குத் திட்டமிட்டார்.

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31. புக்கிட் தீமா காட்டில் சீன மரவெட்டிகள் வெட்டிப்போட்ட மரங்களில் வண்டுகள் மொய்த்தன. இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளை அவர் சேகரித்தார். பின்னர் மலாக்காவுக்கு வந்தார். அங்கிருந்து லேடாங் மலையில் ஏறினார். வழியில் தாகம் வாட்டியது. அருகில் நீர் இல்லை. குடுவைச் செடிகளின் குடுவைகளில் தேங்கியிருந்த நீரை அவரும் உடன் சென்றோரும் பருகினர். அதில் பூச்சிகள் மிதந்தன. ஆனாலும் தாகம் தணிந்தது. பிரிஞ்சாங் உச்சியில் இன்று காணும் குடுவைச் செடிகள், வாலஸின் தாகம் தணித்த அச்செடிகளுக்கு உறவினங்களே.

அதன்பின் அவர் சரவாக் சென்றார். அங்கு அவர் 1855ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரை முக்கியமானது. ஒவ்வொரு புதிய உயிரினமும், தன்னைப் போன்ற வேறோர் உயிரினம் ஏற்கெனவே வாழ்ந்த இடத்தில், அதற்கு நெருங்கிய காலத்தில்தான் தோன்றுகிறது என்று அவர் அதில் வாதிட்டார். இதற்கான சான்றுகளை அவர் இரண்டு துறைகளிலிருந்து எடுத்தார். எங்கே வாழ்கின்றன என்பதைப் புவியியல் காட்டியது. எப்போது வாழ்ந்தன என்பதைப் பாறைகளில் புதைந்த உயிரெச்சங்கள் காட்டின. இரண்டையும் ஒருசேரப் பார்த்தபோது உயிரினங்கள் ஒரு மரத்தின் கிளைகளைப்போல் பிரிந்து வளர்ந்தவை என்பது புலப்பட்டது.

அதே ஆண்டில் அவர் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். கரிய சிறகில் பச்சைப் பட்டையும் கழுத்தில் சிவப்பு வளையமும் கொண்ட அதற்குச் சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்தார். அந்த ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியே இன்று மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகப் போற்றப்படுகிறது. கேமரன் மலையின் அடிவாரக் காடுகளும் அதன் வாழிடங்களுள் அடங்கும்.

சரவாக்கில்தான் அலி என்ற மலாய் இளைஞர் சமையல் உதவியாளராக அவரிடம் சேர்ந்தார். விரைவிலேயே பறவைகளை வீழ்த்தவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் அவர் கற்றுக்கொண்டார். வாலஸ் நோயுற்றபோது பார்த்துக்கொண்டவரும் அவரே. பின்னாளில் பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்தவர் அலிதான். ஆயினும் அப்பறவையின் பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை. பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் பெயர் பொறிக்கப்படாத பல கைகள் உள்ளன என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. தம் நூலில் அலியின் உழைப்பை வாலஸ் மறவாமல் பதிவு செய்தார்.

1856ஆம் ஆண்டு வாலஸ் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்றார். இடையில் உள்ள கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அகலமே. தட்பவெப்பமும் ஒன்றுதான். ஆனால் பாலியில் கண்ட மரங்கொத்திகள் லொம்போக்கில் இல்லை. மாறாக, ஆஸ்திரேலியாவுக்குரிய வெண்ணிறக் காக்கட்டுக் கிளிகள் அங்கே பறந்தன. வானிலை ஒன்றாக இருந்தும் உயிரினங்கள் வேறுபட்டால், காரணம் நிலத்தின் பழைய வரலாற்றில்தான் இருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றுக்கு இடைப்பட்ட கடல் ஆழம் குறைந்தது. முன்பு இவை ஒரே நிலமாக இருந்திருக்கும். லொம்போக் நீரிணையோ மிக ஆழமானது. அதனால் இரு பக்க விலங்குகளும் கலக்கவில்லை. பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலும், போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் இடையிலும் செல்லும் இவ்வெல்லை வாலஸ் கோடு எனப்படுகிறது. பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது என்பதைப் பிற்கால நிலவியல் உறுதி செய்தது. ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் வெவ்வேறு நிலத்தட்டுகளில் நகர்ந்து நெருங்கியவை என்பது 20ஆம் நூற்றாண்டில் விளங்கியது. பறவைகளைப் பார்த்தே ஒருவர் பூமியின் கதையை ஊகித்துவிட்டார்!

கடல் மட்டுமன்று, வெப்பமும் ஓர் எல்லையாகும். குளிர்ந்த மலையுச்சியில் வாழப் பழகிய உயிரினம் வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்கு எளிதில் செல்வதில்லை. ஆகவே கேமரன் மலை போன்ற உயர்நிலங்களை நிலத்தில் அமைந்த தீவுகள் எனலாம்.

1858ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மலுக்குத் தீவுகளில் இருந்தபோது வாலஸைக் கடும் காய்ச்சல் தாக்கியது. குளிரும் வெப்பமும் மாறி மாறி வாட்ட, அவர் படுத்தபடியே சிந்தித்தார். 14 ஆண்டுகளுக்கு முன் லெஸ்டர் நூலகம் அறிமுகப்படுத்திய மால்தஸின் கருத்து நினைவுக்கு வந்தது. உணவைவிட மக்கள்தொகை விரைவாகப் பெருகும். பஞ்சமும் நோயும் அதைக் கட்டுப்படுத்தும் என்பது அக்கருத்து. விலங்குகள் இன்னும் விரைவாகப் பெருகுகின்றனவே, அவற்றுள் எவை பிழைக்கின்றன? சூழலுக்கு ஓரளவு கூடுதலாகப் பொருந்தியவை பிழைக்கும். அவற்றின் இயல்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இப்படியே காலப்போக்கில் இனம் மாறும். காய்ச்சல் தணிந்ததும் இக்கருத்தைக் கட்டுரையாக எழுதி, இங்கிலாந்தில் தாம் மிகவும் மதித்த சார்லஸ் டார்வினுக்குக் கப்பல் அஞ்சலில் அனுப்பினார்.

டார்வின் அதைப் படித்துத் திகைத்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அவர் வெளியிடாமல் ஆராய்ந்து வந்த கருத்தும் அதுவே. என்ன செய்வதென்று தெரியாமல் நண்பர்களிடம் ஆலோசனை கேட்டார். அவர்கள் 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் ஒன்றாக வாசிக்கச் செய்தனர். இதற்கு வாலஸிடம் அனுமதி கேட்கப்படவில்லை. அவர் கடலுக்கு அப்பால், தீவுகளில் சேகரித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. உலகம் டார்வினின் பெயரையே உச்சரித்தது. வாலஸ் வழக்காடவில்லை. டார்வின் நெடுங்காலம் உழைத்துத் திரட்டிய சான்றுகளின் பெருமையை அவர் அறிந்திருந்தார். 1889ஆம் ஆண்டு இக்கொள்கையை விளக்கித் தாம் எழுதிய நூலுக்கே டார்வினியம் என்று பெயரிட்டார். தம் பெயரைவிட உண்மை முந்தட்டும் என்பது அவர் செயலில் தெரிந்தது.

ஆனால் அவர் எதையும் கண்மூடி ஏற்றவர் அல்லர். மனிதர்கள் தேர்ந்து வளர்க்கும் விலங்குகளையும் செடிகளையும் டார்வின் சான்றாகக் கொண்டார். வாலஸோ காட்டில் தாமாக வாழும் உயிரினங்களையே உற்றுநோக்கினார். மனித மனத்தின் தோற்றத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று பின்னாளில் கூறி டார்வினை வருந்தச் செய்தார். அவருடைய எல்லா முடிவுகளும் சரியானவை அல்ல. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதை அவர் எதிர்த்தார். அந்தத் தடுப்பூசியே பிற்காலத்தில் பெரியம்மை நோயை உலகிலிருந்து ஒழித்தது.

எட்டு ஆண்டுகள் தீவுகளில் அலைந்த வாலஸ், 1862ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். அவரும் உதவியாளர்களும் சேகரித்த மாதிரிகள் 1,25,660. அவற்றுள் 83,000க்கும் மேற்பட்டவை வண்டுகள். 1869இல் வெளியான மலாய்த் தீவுக்கூட்டம் என்ற நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். விலங்குகளுடன் மக்களின் வாழ்க்கைமுறையும் பல மொழிகளின் சொற்பட்டியல்களும் அந்நூலில் இடம்பெற்றன. 1876இல் விலங்குகளின் புவியியல் பரவலைப் பற்றி எழுதி, உயிர்ப் புவியியல் என்னும் துறைக்கு அடித்தளமிட்டார். புகழ் வந்தும் வறுமை விடவில்லை. அவருக்கு அரசு ஓய்வூதியம் கிடைக்க 1881ஆம் ஆண்டு டார்வினே முன்னின்று உதவினார். 1913 நவம்பர் 7ஆம் நாள், 90ஆம் வயதில் வாலஸ் காலமானார்.

வாலஸ் விட்டுச்சென்ற எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பூமியின் வரலாறு ஒரு நூல் என்றால், ஒவ்வோர் உயிரினமும் அதன் ஓர் எழுத்து என்று 1863ஆம் ஆண்டு அவர் எழுதினார். சில எழுத்துகள் அழிந்தால் ஒரு வாக்கியம் புரியாமல் போகும். உழவும் குடியேற்றமும் பரவும்போது பல உயிரினங்கள் மறையும். அறிந்தே அவற்றை அழியவிட்டால் வருங்காலத் தலைமுறை நம்மைக் குறை கூறும் என்று அவர் அஞ்சினார். மக்களின் வாழ்வுக்குத் தேயிலையும் வேண்டும், காய்கறியும் வேண்டும். தோட்டங்களுக்கு மேலே எஞ்சியுள்ள பாசிக்காடும் வேண்டும். ஏனெனில் அந்நூலின் சில எழுத்துகள் மலையுச்சிகளில் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை முழுமையாகப் படித்து முடித்தவர் இன்னும் எவரும் இல்லை.