போருக்காகக் காங்கிரஸைத் துறந்த ராஜாஜி: கொள்கையா, பதவிக் கணக்கா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் இரண்டு இடங்களைக் கடக்கிறார்கள். ஒன்று செங்குன்றம், இன்னொன்று சோழவரம். செங்குன்றம் ஏரி என்றால் நமக்குக் குடிநீர்தான் ஞாபகம் வரும். கோடை வந்தால் எத்தனை அடி தண்ணி இருக்குன்னு பார்ப்போம், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் அந்த ஏரி பிரிட்டிஷ் விமானப் படையின் தளமாக இருந்தது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்கள் அங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவைக் கண்காணித்தன. சோழவரத்தில் போருக்காகப் போட்ட ஓடுதளத்தில்தான் பிற்காலத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. திருவள்ளூர் மாவட்டம் உருவானதே 1997-ல்தான். அப்போது இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம்.

போர் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்ற 1942-ல்தான், தமிழ்நாட்டின் மிகப் பெரிய காங்கிரஸ் தலைவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, நாம் அறிந்த ராஜாஜி. போர் வேண்டாம் என்று சொல்லிக் கட்சியை விட்டுப் போன தலைவர்கள் உலகம் முழுக்க உண்டு. பிரிட்டனில் 1914-ல் ராம்சே மெக்டொனால்டு தொழிற்கட்சித் தலைமையை விட்டார். 2003-ல் இராக் போருக்காக ராபின் குக் டோனி பிளேர் அமைச்சரவையை விட்டார். ராஜாஜி கதை இதற்கு நேர் எதிர். மக்கள் வெறுத்த ஒரு போரில் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். அது மனசாட்சிப்படி எடுத்த முடிவா, நாற்காலிக்காகப் போட்ட கணக்கா? 80 வருஷம் கழித்தும் இந்தக் கேள்வி ஓயவில்லை.

தொரப்பள்ளியிலிருந்து கோட்டை வரை

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அப்பா கிராம முன்சீப். ஓசூர், பெங்களூரு, சென்னை என்று படித்துவிட்டு, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்றாகவே நடந்தது. சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1919-ல் சென்னை வந்த காந்தி அவர் வீட்டில்தான் தங்கினார். அதற்குப் பிறகு வக்கீல் தொழில் போனது, வேலூர் சிறை வந்தது. 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். 1933-ல் மகள் லட்சுமியைக் காந்தியின் மகன் தேவதாஸ் மணந்தார். ஆக, இவர் காங்கிரஸோடு முறித்துக்கொண்டார் என்றால் அது வெறும் கட்சி விவகாரம் இல்லை, சம்பந்தி வீட்டோடும் வந்த பிணக்கு.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். மதுவிலக்கு, விற்பனை வரி, கோயில் நுழைவு எல்லாம் அந்த இரண்டேகால் வருஷத்தில் வந்தவை. கட்டாய இந்தியும் அதே ஆட்சியில்தான் வந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் சிறைகளும் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ராஜாஜிக்கு நிர்வாகம் பிடிக்கும். கோப்பு பார்ப்பதும் சட்டம் எழுதுவதும் அவருக்குச் சலிக்காத வேலை. அவர்மேல் பின்னால் வந்த சந்தேகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

யாருடைய போர்?

1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் அவர் கேட்கவில்லை. காங்கிரஸ் அமைச்சரவைகள் அக்டோபர், நவம்பரில் பதவி விலகின. ராஜாஜியும் விலகினார்.

மக்களுக்கு இந்தப் போர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன்னை அடிமையாக வைத்திருப்பவன் ஜனநாயகத்துக்காகச் சண்டை போடுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? போகப் போக விலைவாசி ஏறியது. 1942-ல் பர்மா விழுந்ததும் அரிசி வரத்து நின்றது. ரங்கூனில் பிழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

காங்கிரஸுக்கு உள்ளேயும் ஒரே குரல் இல்லை. காந்திக்கு எந்தப் போரும் கூடாது. நேருவுக்கு நாஜிகளும் ஆகாது, ஏகாதிபத்தியமும் ஆகாது. ராஜாஜி சொன்னது வேறு: சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு டெல்லியில் ஒரு தேசிய அரசு அமைத்துக் கொடுத்தால், நாட்டின் பாதுகாப்புக்கு நாம் முழுசா ஒத்துழைக்கலாம். 1940 ஜூலையில் இந்த யோசனைக்குப் படேலையே இழுத்துவிட்டார். பூனாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்றது. காந்தி அதிலிருந்து விலகி நின்றார். எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான் செயற்குழுவையே விட்டுப் போனார். ஆகஸ்ட் 8-ல் வைஸ்ராய் தந்த பதில் ஏமாற்றமாக இருந்தது. ஒன்றும் கிடைக்காத காங்கிரஸ் மறுபடி காந்தியிடமே திரும்பியது. தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது.

இதுல ஒரு சங்கதி இருக்கு. அந்தச் சத்தியாகிரகத்தில் ராஜாஜிக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தும் கட்சி முடிவு என்பதால் கட்டுப்பட்டு, 1940 டிசம்பரில் கைதாகி, ஓராண்டுத் தண்டனை வாங்கிச் சிறைக்குப் போனார். கருத்து வேறுபாடு வந்த உடனே கதவைச் சாத்திக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர் என்பதற்கு இது சாட்சி.

1942 ஏப்ரல்

அந்த மாதத்தைத் தெரிந்துகொள்ளாமல் ராஜாஜியின் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. இரண்டும் அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள். சென்னைக்கு ஜப்பான் கப்பற்படை வருகிறது என்று பேச்சு பரவியது. அவசியம் இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு இடம் மாறின. சென்னை மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். சட்டிபானையோடு ஜனங்கள் ரயிலுக்கு முண்டியடித்தார்கள். திருவள்ளூர், அரக்கோணம் வழியாக உள்நாட்டுக்குப் போகும் வண்டிகளைத்தான் எல்லோரும் தேடியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டி, கூடூர் பாதையோ குண்டு விழுந்த ஆந்திரக் கரையை நோக்கிப் போவது.

ஊரைக் காக்க வேண்டிய அரசு மூட்டை கட்டுகிறது. மக்கள் பிரதிநிதிகளோ பதவியில் இல்லை. ராஜாஜியின் கோபம் இதுதான். ஏப்ரல் 11-ல் கிரிப்ஸ் பேச்சுவார்த்தையும் முறிந்தது. ஏப்ரல் 23-ல் சென்னையில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியைக் கூட்டி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினார். முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டு, லீக்கோடு சேர்ந்து தேசிய அரசுக்கு வழி செய்ய வேண்டும் என்பது முதலாவது. சென்னையில் மக்கள் அரசு திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது.

கட்சியில் பூகம்பம். ஏப்ரல் 30-ல் செயற்குழுவிலிருந்து விலகினார். அலகாபாத் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர் தீர்மானம் 15-க்கு 120 என்ற வாக்கில் தோற்றது. அதோடு விட்டாரா? ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கூட்டங்களில் கூச்சல், கறுப்புக்கொடி. பம்பாயில் அவர்மேல் தாரையே வீசினார்கள். கட்சிக்கு எதிராகப் பேச வேண்டும் என்றால் கட்சிப் பொறுப்பையும் பதவியையும் விட்டுவிட்டுப் பேசுவதே முறை என்று காந்தி யோசனை சொன்னார். ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் சேர்த்தே துறந்தார். அடுத்த மாதம் 8-ம் தேதி வெள்ளையனே வெளியேறு தீர்மானம் வந்தது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் எல்லாம் சிறையில். ராஜாஜி மட்டும் வெளியே.

சந்தேகப்படுகிறவர்கள் பக்கம்

அவர்களிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. இரண்டாவது தீர்மானத்தைப் பாருங்கள். சென்னையில் அமைச்சரவை திரும்பினால் அதற்குத் தலைவர் யார்? வேறு யார், ராஜாஜிதான். அதே வருஷம் ஜனவரியில் வார்தாவில் காந்தி தன் வாரிசு ராஜாஜி இல்லை, நேருதான் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அந்த வருத்தத்தில் பேசுகிறார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாடே சிறையில் இருக்கும்போது ஒருவர் மட்டும் வெளியே இருந்தால் ஆங்கிலேயருக்கு வேண்டியவர் என்ற பெயரும் தானாக வரும். வந்தது.

எனக்கு இந்த வாதம் போதவில்லை. காரணம், தேதிகள். வாரிசு அறிவிப்பு 1942 ஜனவரியில். ராஜாஜியின் யோசனை 1940 கோடையிலிருந்தே இருக்கிறது. 1940-லேயே, முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த ஒருவர் மத்திய அரசுக்குத் தலைமை தாங்கினாலும் சம்மதம் என்று சொன்னவர் அவர். நாற்காலியை மட்டும் குறி வைக்கிறவர் அதை இன்னொருவருக்குத் தருகிறேன் என்று தொடங்க மாட்டார். பிரிவினையை ஒப்புக்கொள்வது ஓட்டு வாங்கித் தரும் பேச்சும் இல்லை.

ஆங்கிலேயரிடமிருந்து என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. 1942 நவம்பரில் சிறையிலுள்ள காந்தியைப் பார்க்க அனுமதி கேட்டார். வைஸ்ராய் மறுத்தார். 1943 பிப்ரவரியில் காந்தியின் உண்ணாவிரதத்தின்போதுதான் பார்க்க முடிந்தது. அப்போது காட்டிய சமரசத் திட்டத்தைக் காந்தி ஏற்றார். போர் முடிந்தபின் வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் மாவட்டங்களில் வாக்கெடுப்பு, இப்போதைக்குச் சேர்ந்து தேசிய அரசு என்பது அதன் சாரம். சி.ஆர். திட்டம் என்று பெயர் பெற்றது அதுதான். 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் அதை வைத்துப் பேசித் தோற்றார்கள். ஜின்னாவுக்கு அந்தப் பாகிஸ்தான் போதவில்லை. கடைசியில் 1947-ல் கிடைத்ததும் பஞ்சாபையும் வங்கத்தையும் துண்டாடிய அதே மாதிரியான வரைபடம்தான்.

ஆனா, ஒன்றை மறைக்கக் கூடாது. மனசாட்சிப்படி எடுத்த முடிவு என்பதால் கணிப்பும் சரியாகிவிடாது. ஜப்பான் சென்னையில் இறங்கவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஜனங்களின் மனசு எங்கே இருக்கிறது என்பதையும் அவர் தப்பாகத்தான் கணித்தார்.

விலகல் என்றால் என்ன?

நம் காலத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 1990-லிருந்து அங்கே வாழ்பவர்களுக்குப் போர் செய்தித்தாள் விஷயம் இல்லை. 2008 அக்டோபரில் இலங்கைப் போரை நிறுத்த மத்திய அரசு தலையிட வேண்டும் என்று கேட்டு, தி.மு.க. எம்.பி.க்கள் பின் தேதியிட்ட ராஜினாமா கடிதங்களைக் கட்சித் தலைவர் கருணாநிதியிடம் தந்தார்கள். பிரணாப் முகர்ஜி சென்னை வந்து பேசினார். கடிதங்கள் சபாநாயகரிடம் போகவில்லை. 2009 மே வரை போர் நடந்து முடிந்தது. கூட்டணியில் இருந்தபடியே டெல்லியை அழுத்தினோம் என்பது அவர்கள் தரப்பு. நாடகம் என்பது எதிர்த்தரப்பு. கடிதம் தந்தவர்களின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நாம் போய்ப் பார்க்க முடியாது. கடிதம் எந்த மேஜை வரை போனது என்பதைப் பார்க்கலாம். ராஜாஜியின் கடிதம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அதற்கான விலையையும் கொடுத்தார். 1945-ல் காங்கிரஸுக்குத் திரும்ப வந்தபோது, சிறையிலிருந்து வந்த தொண்டர்கள் அவரை ஏற்கத் தயாராக இல்லை. காமராஜர் தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டு பட்டது. 1946-ல் காந்தியே ராஜாஜிக்காகப் பரிந்து எழுதினார். தன்னைக் குத்துவதாக எடுத்துக்கொண்ட காமராஜர் தேர்தல் குழுவிலிருந்து விலகினார். அந்த வருஷம் சென்னைப் பிரதமர் பதவி பிரகாசத்துக்குப் போனது. டெல்லிதான் ராஜாஜியைக் கூப்பிட்டுக்கொண்டது. இடைக்கால அரசில் இடம், வங்காள ஆளுநர், 1948 ஜூனில் கவர்னர் ஜெனரல். 1952-ல் சென்னை முதலமைச்சர், 1954-ல் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் விலகல், அந்த இடத்தில் காமராஜர்.

போரை விரும்பியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 83 வயதில், 1962-ல், வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1959-ல், சுதந்திரா கட்சியைத் தொடங்கிக் காங்கிரஸுக்கு எதிரே நின்றுவிட்டார். 1967-ல் அண்ணாவோடு கூட்டணி சேர்ந்து காங்கிரஸைக் கோட்டையிலிருந்து இறக்கினார். 1971 தேர்தலில் பழைய காங்கிரஸின் காமராஜரும் சுதந்திராவின் ராஜாஜியும் ஒரே அணியில் நின்று ஓட்டு கேட்டார்கள். தோற்றார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.