மரத்தில் மீன் செய்த மன்னன்!

மானைக் காட்டி மானைப் பிடிப்பது வேடர் தந்திரம். மீனைக் காட்டி மீனைப் பிடிக்க முடியுமா?

முடியும்! ஆனால் காட்டுகிற மீன் உயிர் மீன் அல்ல. வெறும் மரக்கட்டை!

அப்படி மரத்தால் மீன்களைச் செய்து குவித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஆஸ்கார் பீட்டர்சன்.

உறைந்த ஏரி

பீட்டர்சன் 1887-ம் ஆண்டு பிறந்தார். அவர் வாழ்ந்த ஊர், மிச்சிகன் மாகாணத்தில் உள்ள காடிலாக். ஒரு காலத்தில் மரம் வெட்டும் தொழிலில் கொழித்த ஊர் அது. அருகருகே இரண்டு ஏரிகள் உண்டு.

குளிர்காலம் வந்தால் ஏரியின் மேற்பரப்பு கல் போல் உறைந்துவிடும். அதன்மீது ஆள் நடக்கலாம். ஆனால் அடியில் தண்ணீர் இருக்கும், மீனும் இருக்கும்.

மீன் பிடிப்பவர்கள் பனிக்கட்டியில் பெரிய ஓட்டை போடுவார்கள். அதன்மேல் சிறு மரக்குடிலை நிறுத்துவார்கள். குடிலுக்குள் ஒரே இருட்டு. பகல் வெளிச்சமோ, சுற்றியுள்ள பனிக்கட்டி வழியாக ஏரிக்குள் பாயும். ஆகவே, உள்ளே இருப்பவருக்குத் தண்ணீருக்குள் நடப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஒரு கையில் கயிறு. மறு கையில் ஈட்டி. கயிற்றின் நுனியில் மரமீன். கயிற்றை ஆட்டினால் அது வட்டமிட்டு நீந்தும். இரை என்று நினைத்துப் பெரிய மீன் நெருங்கும். ஈட்டி பாயும்!

வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் எலும்பிலும் தந்தத்திலும் மீன் செய்து, நெடுங்காலமாகக் கையாண்ட தந்திரம் இது.

மரம் நீந்துமா?

மரம் மிதக்கும். நீந்தாதே? அங்கேதான் இருக்கிறது கைத்திறன்.

மீன் வடிவில் செதுக்கிய கட்டையின் வயிற்றைக் குடைந்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். எடை கூடினால் கல்லாய் மூழ்கும். குறைந்தால் மேலே வந்துவிடும். முன்பாரம், பின்பாரம் சரியாக இருக்க வேண்டும். தகரத்தை வெட்டித் துடுப்பு வைக்க வேண்டும். துடுப்பும் வாலும் வளைந்திருக்கும் பக்கமாக மீன் திரும்பும்.

பிறகு வண்ணம். பீட்டர்சனின் கை இதில்தான் தனித்து நின்றது. செதிலும் புள்ளியும் செவுளும், உயிர் மீனை நேரில் பார்ப்பது போல் இருக்கும்.

அவர் யாரிடமும் சிற்பம் பயின்றவர் அல்ல. மீன் பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஏரியே அவருக்குப் பள்ளிக்கூடம்.

பத்தாயிரம் மீன்!

அவர் செய்த மீன்கள் 10,000 முதல் 15,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நாற்பது ஆண்டுகள் உழைத்தார் என்று வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மீனாவது ஆகிறது! இவை தவிர, சுவரில் மாட்டும் மீன் பலகைகள், கடைப் பெயர்ப்பலகைகள், பூச்சாடிகள் ஆகியவற்றையும் செதுக்கினார்.

இத்தனை செய்தும் செல்வந்தர் ஆனாரா? இல்லை. அவர் மீன்கள் ஆணி, சுத்தியல் விற்கும் கடைகளில், தூண்டில் சாமான்களோடு சாமானாகச் சொற்ப விலைக்கு விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கலைப்பொருளாக நினைக்கவில்லை. ஏரியில் இறக்கினார்கள். கயிறு அறுந்து போனவை ஏரியோடு போயின. உடைந்தவை குப்பைக்குப் போயின.

1951-ம் ஆண்டு பீட்டர்சன் காலமானார்.

அதன் பிறகு காலம் திரும்பியது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் அவர் மீன்களைத் தேடி அலைந்தார்கள். 1988-ல் அவரைப் பற்றித் தனி நூலே வந்தது. 1990-ல், நியூயார்க் நகரின் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இத்தகைய மீன்களுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியது. சில்லறைக் காசுக்கு விற்ற மீன், ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போனது!

அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவர் கைக்கு வரவில்லை. அந்தப் புகழும் அவர் காதில் விழவில்லை.

பழைய மரமீன்கள் சிலவற்றில் பற்குறிகள் காணப்படுவது உண்டு. நிஜம் என்று நம்பி ஏரி மீன்கள் கடித்த தழும்புகள் அவை. மனிதர்கள் பிறகு தந்த பாராட்டை, மீன்கள் முன்பே தந்துவிட்டன!