பட்டறையில் பிறந்த செல்வம்

காங்கேயம் வறண்ட பூமி. அங்கே கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. ஒரு காலத்தில் காங்கேயம் காளைகள் கவலை இழுத்து நீர் இறைத்தன. காளை ஓய்ந்தால் பயிர் வாடும். இன்று கிணற்று மேட்டில் மோட்டார் ஓடுகிறது. ஊருக்குள் அரிசி ஆலையிலும் தேங்காய் எண்ணெய் ஆலையிலும் மோட்டார்தான் ஓடுகிறது.

அந்த மோட்டாரைச் சீமையில் இருந்து வரவழைக்க வேண்டியது இல்லை, நம் ஊரிலேயே செய்யலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் ஜி.டி. நாயுடு.

அவர் கதையைக் கேளுங்கள்.

படிப்பு ஏறவில்லை

காங்கேயத்தில் இருந்து கோவை போகும் சாலையில், பல்லடத்தைத் தாண்டினால் சூலூர் வரும். அதன் அருகே கலங்கல் என்று ஒரு சிற்றூர். 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந்தேதி துரைசாமி அங்கே பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு. விவசாயக் குடும்பம்.

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடியது! துரைசாமி வியந்து நின்றார். அப்படி ஒரு வண்டி தமக்கும் வேண்டும் என்று முடிவு செய்தார்.

கோவைக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் சவாரியோடு நிற்கவில்லை. அதைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அதுதான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம்.

பம்பாயில் நஷ்டம்

பிறகு திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் இறங்கினார். அது முதல் உலகப் போர்க் காலம். நல்ல லாபம் வந்தது.

கையில் பணம் சேர்ந்ததும் ஆசை பெருகியது. பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். சேர்த்த பணம் கரைந்தது. ஊருக்குத் திரும்பினார்.

பணம் போயிற்று. ஆனால் கற்ற வேலை கையில் இருந்தது.

நம்பிக் கொடுத்த கடன்

கோவையில் ஸ்டேன்ஸ் துரை பெரிய தொழிலதிபர். நாயுடுவின் திறமையையும் உழைப்பையும் அவர் அறிந்தார். பஸ் வாங்க 4,000 ரூபாய் கடன் கொடுத்தார். நாயுடு தம் பங்குக்கு இன்னொரு 4,000 ரூபாய் திரட்டினார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றை பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் அவரே!

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி எழுந்தது.

ஸ்டேன்ஸ் துரையின் அந்தக் கடன் கிடைக்காமல் இருந்தால்? அந்தத் திறமை ஊர் அறியாமலே போயிருக்கலாம். சிறு தொழிலுக்குத் தேவை பெரும் பணம் அல்ல. காலத்தில் கிடைக்கும் அளவான கடன்.

பீளமேட்டு மோட்டார்

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைக் கொண்டு ஓடும் எந்திரம் வேண்டாமா?

கோவையை அடுத்த பீளமேட்டுப் பட்டறையில் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் முயன்றார்கள். 1937-ல் நம் நாட்டிலேயே செய்த மின்சார மோட்டார் அங்கிருந்து வெளிவந்தது.

ஒரு மோட்டார் செய்யப் பல கைகள் வேண்டும். ஒரு பட்டறையில் இரும்பை உருக்கி வார்க்கிறார்கள். இன்னொன்றில் கடைசல் பிடிக்கிறார்கள். மற்றொன்றில் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள். ஒவ்வொன்றிலும் சில குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே வேலை கற்ற பையன் நாளை தனிப் பட்டறை போடுகிறான். பணம் ஊருக்குள்ளேயே சுற்றி வருகிறது. கோவை மோட்டாருக்கும் பம்பு செட்டுக்கும் பெயர் பெற்றது இப்படித்தான்.

நாயுடு ஐரோப்பா சென்று எந்திரங்களைப் பார்த்து வந்தார். உலர்ந்த பாட்டரியில் ஓடும் சவரக் கருவி செய்தார். 70 ரூபாயில் ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

கைக்கு வேலை

1945-ல் கோவையில் அவர் முயற்சியால் தொழிற்கல்வி நிலையம் தோன்றியது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுவே வித்து. நான்கு ஆண்டுப் படிப்பு நீளம், இரண்டு ஆண்டே போதும், மீதிக் காலம் பட்டறையில் பழகட்டும் என்பது அவர் எண்ணம். அது ஏற்கப்படவில்லை. அவர் பொறுப்பில் இருந்து விலகினார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள கண்காட்சியைக் குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.

அங்கே போக முடியாதவர்கள் காங்கேயத்துத் தோட்டம் ஒன்றில் நின்றாலும் போதும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். வாய்க்காலில் தண்ணீர் பாயும். ஓட்டல் சர்வராக இருந்து காசு சேர்த்த ஓர் இளைஞரின் உழைப்பும் அந்தத் தண்ணீரில் கலந்திருக்கிறது.